இருதயராஜும் பேல் தராசும்

எங்கள் மில் கால்பந்து அணியின் தேர்வுக் குழு சென்ற வெள்ளிக்கிழமை மாலை அவசரமாகக் கூடியது. மின்விசிறி ஓடாத அறையில் நெடுநேரம் ஆலோசித்தது. இரண்டு உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்வதாக அறிவித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஏகமனதாக முடிவு பிறந்தது: சனிக்கிழமை காலை நடக்கவிருந்த, ஆட்டக்காரர்களை எடை போடும் நிகழ்ச்சி திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அடைமழையிலும் தவறாமல் எடை போட்ட அணி இது. மில்லில் வேலைநிறுத்தம் நடந்த ஆண்டிலும் போட்டது. ஒத்திவைப்பு என்பது அணியின் வரலாற்றில் இதுவே முதல் முறை.

இந்த முடிவைத் துண்டு நோட்டீஸாக அச்சடித்துத் தரச் சொல்லிக் குழு உறுப்பினர் பால்பாண்டி என் அச்சகத்துக்கு வந்தார். பஸ் கண்டக்டர், சீருடையைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"எதுக்கு ஒத்திவைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம இருதயராஜ் போய்ட்டாப்ல அண்ணாச்சி. மத்தியானம் மூட்டை இறக்கிக்கிட்டு இருக்கயில உக்காந்தாப்ல. எந்திரிக்கல" என்றார். பிறகு, "எழுத்து செத்த பெருசா இருக்கட்டும்" என்றார். ஒத்திவைப்பு என்ற சொல்லைத்தான் சொன்னார். இறந்தவரின் பெயர் நோட்டீஸில் இல்லை.

ஆகவே அதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

இருதயராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். எண்பதுகளின் தொடக்கத்தில், இருபதைத் தாண்டிய வயதில், ராஜபாளையத்தில் எங்கள் மில்லுக்கு வேலைக்கு வந்தார். மில்லின் பெயரை எழுதவில்லை. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் நூற்புப் பிரிவில் தற்காலிகத் தொழிலாளி. மாலையில் அணியின் நடுக்கள ஆட்டக்காரர். மூன்று சீசன் தொடர்ந்து அணியில் இருப்பவருக்கு வேலை நிரந்தரம் என்பது மில்லின் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நம்பித்தான் மரியபுஷ்பத்தின் தகப்பனார் இரண்டாவது சீசன் முடிவில் பெண்ணைக் கொடுத்தார். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "அடுத்த வருசம் பெர்மனென்ட்" என்று பதில் சொன்னார்.

அவர் ஆடியதைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பந்து தன்னிடம் வந்ததும் மற்றவர்கள் ஓடுவார்கள், இவர் நிற்பார். உள்ளங்காலால் பந்தை அழுத்தி வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பார்வையாளர்கள் "போடுலே, போடுலே" என்று கத்துவார்கள். யாருமே இல்லாத ஒரு மூலைக்குப் பந்தை அனுப்புவார். கத்தியவர்கள் வைது முடிப்பதற்குள் நம் ஆள் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். இதன் ரகசியத்தை ஒருமுறை கேட்டேன். "ஆளு இருக்கிற பக்கம் எல்லாரும்தான் போடுவாங்க அண்ணாச்சி. எடம் இருக்கிற பக்கம் போடணும்" என்றார். வேறு விளக்கம் அவரிடம் இல்லை.

விளக்கம் தருவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். மில் வாசல் டீக்கடையில் இரண்டு கட்சிகள் இயங்கின. ஒன்று மூளைக் கட்சி. அதன் தலைவர் மருந்துக்கடை சங்கரலிங்கம். மற்றது உடம்புக் கட்சி. தலைவர் மேலே சொன்ன பால்பாண்டி. நடுக்களத்தில் யோசிக்கிறவர் வேண்டுமா, இடிக்கிறவர் வேண்டுமா என்பதே பிரச்சினை. நாட்டில் வேறு பிரச்சினைகளும் இருந்தன. அவற்றுக்கு அந்த டீக்கடையில் இடம் கிடைக்கவில்லை.

"கால்பந்து காலால ஆடுறது இல்ல பால்பாண்டி. கண்ணால ஆடுறது" என்பார் சங்கரலிங்கம்.

"அப்ப கண்ணாடிக் கடைக்காரரை எறக்கிருவமா அண்ணாச்சி?"

"நீ எறக்குற ஆளுக எல்லாம் பந்து எங்க போகுதுன்னே பாக்குறது இல்லய்யா. ஆளைப் பாத்துல்ல ஓடுறாங்க."

"ஆளு விழுந்துட்டா பந்து யாருக்கு? நமக்குத்தான. ஏலே இருதயம், பலமா காத்தடிச்சா கோல்போஸ்டைப் புடிச்சுக்கோ. அம்புட்டுத்தான் ஒனக்கு நான் சொல்ற டெக்னிக்."

இருதயராஜ் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். ஊரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுவது போல அவரை வைத்துக்கொண்டே பேசுவார்கள். ஒருநாள் அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "ரெண்டு பேரும் சொல்றது சரிதான். சங்கு ஊதப்போகுது, நான் உள்ள போறேன்" என்றார். அவர் எந்தக் கட்சி என்பது பற்றி அன்று மாலை வரை விவாதம் நடந்தது.

மூன்றாவது சீசனுக்கு முந்திய கடைசிப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. காலையில் பெய்த மழையில் மைதானம் நெல் நடலாம் போல இருந்தது. வந்திருந்தது வெளியூர் அணி. ஒவ்வொருவரும் நிலைக்கதவு அகலம். முதல் பாதியில் இருதயராஜ், வழக்கம்போல் யாரும் இல்லாத இடத்துக்கு ஒரு பந்தை அனுப்பினார், கோல் விழுந்தது. இரண்டாம் பாதியில் பந்தை நிறுத்தித் தலையைத் தூக்கியபோது அவர்களுடைய ஆள் ஒருவர் தோளால் இடித்தார். இருதயராஜ் சேற்றில் ஒரு பக்கமும் பந்து ஒரு பக்கமும் போயின. நடுவர் விசில் ஊதவில்லை. அந்தப் பந்து கோலானது. பிறகு இன்னொன்றும் வாங்கித் தோற்றோம்.

இரு கட்சிகளுக்கும் இதைவிட வசதியான ஆட்டம் அமைந்திருக்க முடியாது. நாம் அடித்த கோலுக்கு மூளை காரணம்; வாங்கிய கோலுக்கு உடம்பின்மை காரணம். பேச்சு வாரக்கணக்கில் நீண்டது. இதற்கு ஒரு முடிவு கட்ட விரும்பிய சங்கரலிங்கம்தான் அந்த யோசனையைச் சொன்னார். உடம்புக் கட்சிக்கு அது தோன்றவில்லை என்பதைச் சரித்திரத்துக்காகக் குறித்து வைக்கிறேன்.

"வாய்ப்பேச்சு எதுக்கு? எல்லாரையும் எடை போட்டுப் பாத்துருவோம். பின்வரிசையில நிக்கிற நம்ம பேக்குகளுக்கும் இருதயராஜுக்கும் எம்புட்டு வித்தியாசம் இருந்துறப் போகுது? அதுக்கா இம்புட்டுப் பேச்சு?"

யோசனை மானேஜர் காதுக்குப் போயிற்று. மானேஜருக்குக் கால்பந்து பிடிக்கும், ஆனால் புரியாது. எடை புரியும். மில்லில் பஞ்சு, நூல், கழிவு எல்லாமே எடையில்தான் உள்ளே வந்து எடையில்தான் வெளியே போகின்றன. இனி அறுபது கிலோவுக்குக் குறைந்தவர் அணியில் இல்லை என்று உத்தரவு போட்டார். வித்தியாசம் ஒன்றுமில்லை என்று காட்டப் புறப்பட்ட யோசனை, வித்தியாசமே தகுதி என்று திரும்பி வந்தது.

மூளைக் கட்சி சும்மா இருக்கவில்லை. இருதயராஜுக்குப் பால்கோவாவும் வாழைப்பழமும் வந்து குவிந்தன. பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் பிறந்தும் அதை அவ்வளவு தின்றது அந்த மாதம்தான் என்று மரியபுஷ்பம் பிறகு சொன்னார். எடை போடுவதற்கு முதல்நாள் மாலை மருந்துக்கடை எடை இயந்திரத்தில் சங்கரலிங்கமே அவரை ஏற்றி நிறுத்தினார். முள் அறுபதில் நின்றது. அங்கேயே எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பஞ்சுக் குடோனில், பேல் என்கிற பஞ்சுப் பொதிகளை எடை போடும் மேடைத் தராசில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். எடை சொன்னவர் குடோன் எடையாளர். வாழ்நாள் முழுக்கப் பஞ்சு பேலை எடை போட்டவர். பேலைச் சுற்றிச் சாக்கும் இரும்புப் பட்டையும் இருக்கும். அதற்கு இரண்டு கிலோ கழித்துத்தான் எடை சொல்வது வழக்கம். அவர் கழிப்பதில்லை, அவர் நாக்கு கழித்துவிடும். முதலில் ஏறியவர்கள் எல்லாரும் கனமான ஆட்கள்; இரண்டு கிலோ போனது அவர்களுக்குத் தெரியவும் இல்லை, உறைக்கவும் இல்லை. இருதயராஜ் ஏறினார்.

"அறுவது. சாக்கு ரெண்டு போக, அம்பத்தெட்டு."

இருதயராஜ் இறங்கவில்லை. "அண்ணாச்சி, நான் சாக்கு கட்டிக்கிட்டு வரலையே" என்றார்.

குடோன் முழுக்கச் சிரித்தது. பால்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எடையாளர் மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் கழிச்சேன் தம்பி. ஒனக்கு மட்டும் கழிக்காம விட்டா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்கல்ல?" என்றார்.

மானேஜர் யோசித்தார். "அதுவும் நியாயம்தான்" என்றார். "அடுத்த ஆளு."

அன்று மாலை டீக்கடையில் நடந்ததுதான் எங்கள் ஊர் கண்ட மிக உயர்ந்த விவாதம். எல்லாருக்கும் சமமாகக் கழித்திருப்பதால் அநீதி இல்லை என்றார் பால்பாண்டி. சங்கரலிங்கம் ஆழமாக யோசித்து, கொள்கை அளவில் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் பெரிய உடம்புக்குப் பெரிய சாக்குதானே வேண்டும், ஆகவே கனமானவர்களுக்குக் கூடுதலாகக் கழித்திருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். திருத்தத்தின் மீது பேச்சு அடுத்த வாரம் வரை போயிற்று. டீக்கடைக்கு நேர் எதிரே மில் வாசல். வாசலைத் தாண்டினால் மானேஜர் அறை. சாலையை யாரும் கடக்கவில்லை.

அந்த சீசனில் அணி பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் ஆடியது. ஒரு கோப்பை டாஸ் போட்டுக் கிடைத்தது. எடை போடும் வழக்கம் பலன் தருவது நிரூபணமாகி, நிலைத்தது. அணியில் இல்லாத தற்காலிகத் தொழிலாளிக்கு மில்லில் இடமில்லை என்று இருதயராஜிடம் வாயில் காவலர் சொன்னார். வேறு யாரும் சொல்ல வரவில்லை.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிமெண்ட் கடையில் மூட்டை தூக்கப் போனார். ஒரு மூட்டை ஐம்பது கிலோ. அந்தக் கடையில் யாரும் அவரை எடை போட்டுப் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அச்சகத்துக்குத் தளம் போடச் சிமெண்ட் வாங்கப் போனபோது அவரைப் பார்த்தேன். புருவம் முழுக்கச் சிமெண்ட். இருமிக்கொண்டே மூட்டைகளை வண்டியில் ஏற்றினார். ஒவ்வொரு மூட்டையை வைப்பதற்கு முன்னும் ஒரு கணம் நின்று, தலையைத் தூக்கி, இடம் பார்த்தார். வண்டிக்காரர், "போடுய்யா, என்னத்தைப் பாக்குற?" என்றார்.

"மில் டீம் எப்படி ஆடுதாம் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"நல்லா இடிக்கிறாங்க" என்றேன்.

"இன்னும் சாக்குக்குக் கழிக்கிறாங்களா?"

"கழிக்கிறாங்க."

"நல்லது. பழக்கத்தை விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை அடக்கம். இரு கட்சிகளும் ஒரே வேனில் போய் இறங்கின. பெட்டியைச் சுமக்க அணியின் பேக்குகள் நால்வரைப் பால்பாண்டி ஏற்பாடு செய்திருந்தார். அவர்களுக்குப் பெட்டியின் கனம் ஒரு பொருட்டாக இல்லை, வேகமாக நடந்தார்கள். பாதிரியார் இரண்டு முறை, "மெதுவா, மெதுவா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பேச்சு தொடங்கிவிட்டது. இருதயராஜ் மாதிரி ஆட்டக்காரர் இனி பிறக்கப்போவதில்லை என்று பால்பாண்டி சொன்னார். டி.வி.யில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்த்ததிலிருந்து அவர் மூளைக் கட்சிக்கு வந்துவிட்டார். சங்கரலிங்கமோ, இன்றைய வேகத்துக்கு உடம்பு இல்லாமல் முடியாது என்ற நிலைக்கு வந்திருந்தார். ஆகவே விவாதம் பழையபடியே சூடாக இருந்தது. மரியபுஷ்பம் அதைக் கடந்து போகும்போது நின்றார்.

"அண்ணாச்சி, ஒங்க கடை மிஷின்ல அறுவது காட்டுச்சுன்னு அவிய கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாவ. நெசந்தானா?"

"நெசந்தாம்மா. நானேதான் ஏத்தி நிறுத்துனேன்" என்றார் சங்கரலிங்கம்.

"அதை மானேஜர்கிட்ட சொன்னீயளா?"

சங்கரலிங்கம் கைக்குட்டையை எடுத்தார். பால்பாண்டி கடிகாரத்தைப் பார்த்து, வேன் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மரியபுஷ்பம் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

இருதயராஜ் அவர்களே, உங்களைப் பற்றி நாங்கள் நிறையப் பேசினோம். நன்றாகவும் பேசினோம். குழியில் மண் தள்ளியபோது, யாரும் இல்லாத மூலைக்கு நீங்கள் அனுப்பிய பந்துகள்தான் நினைவுக்கு வந்தன. அவற்றை எடுக்க எப்போதும் யாராவது ஓடி வந்தார்கள். உங்களுக்காக டீக்கடையிலிருந்து நாங்கள் ஓட வேண்டியிருந்த தூரம் அதைவிடக் குறைவு. போய் வாருங்கள்.

திங்கட்கிழமை காலை பஞ்சுக் குடோனில் எடை போட்டார்கள். பழைய எடையாளர் ஓய்வு பெற்றுவிட்டதால் அவருடைய மருமகன் எடை சொன்னார். ஒவ்வொருவருக்கும் சாக்குக்கு இரண்டு கிலோ கழித்தார்.