மூன்றாம் தண்ணீர்

முருகேஸ்வரிக்குக் கோபம் வரும் என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. வந்த கோபம் இன்னும் போகவில்லை என்றுதான் சொல்வார்கள். கமுதிக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊர் ஒன்றில் மிளகாய்ப் பழம் பறிக்கிற கூலிக்காரி அவள். தன் கல்யாணப் பந்தியில் தகப்பனுக்கு இலை போடாமல் விட்டார்கள் என்று, மணவறையிலிருந்து எழுந்துபோய்ச் சண்டை பிடித்தவள். தாலி ஏறி அரை நாழிகைகூட ஆகியிருக்கவில்லை. மாப்பிள்ளை கூத்தையா மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். பத்து வருஷமாக அப்படியேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பேச வேண்டியதையெல்லாம் ஒருத்தி பேசிவிடும்போது அவன் எதற்கு வாயை வலிக்கச் செய்ய வேண்டும்?

சண்டைக்காரி என்று சொல்வது சுலபம். ஆனால் பத்துச் சண்டையில் ஒன்பதில் நியாயம் அவள் பக்கம் இருக்கும். ஊருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் பங்குனி. மூன்று வருஷமாக மழை பொய்த்து, ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் தோண்டிய ஒரே ஓர் ஊத்துதான் ஊருக்கே தண்ணீர். பெண்கள் குழிக்குள் குனிந்து சிரட்டை சிரட்டையாகக் கோரினால், ஒரு குடம் நிறைய அரைப்பொழுது ஆகும். அதே நேரத்தில் ஊர்த் தலைவரான அம்பலம் சேதுராமனின் மிளகாய்த் தோட்டத்தில், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலை இரண்டு வேளையும் ஓடியது. அந்தக் கிணற்றில் இரண்டு ஆள் ஆழம் தண்ணீர் கிடந்ததை, பழம் பறிக்கப் போன முருகேஸ்வரி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். தோட்டத்துக்கு வேலி உண்டு, வேலிக்குப் பூட்டும் உண்டு.

அந்த வருஷம் ஊரில் பாதி வீட்டில் அம்மை. தை மாதம் அம்பலத்தின் மகனுக்கு வந்து இறங்கியது. மாசியில் முருகேஸ்வரியின் நாலு வயது மகள் வீரலட்சுமிக்குப் போட்டது. பிள்ளை வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்தபோது, முருகேஸ்வரி மாரியாத்தாளிடமே சத்தம் போட்டுத்தான் வேண்டினாள்.

"எம் புள்ளைய விட்டுட்டுப் போ தாயி. பங்குனிப் பொங்கலுக்கு எம் புருசன் ஒனக்குச் சேத்தாண்டி போட்டு வருவான்."

புருஷனை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் தலையைத்தான் ஆட்டியிருப்பான். சேத்தாண்டி என்றால், கோவணத்தோடு நின்று உச்சி முதல் உள்ளங்கால் வரை ஊருணிச் சேற்றைப் பூசிக்கொண்டு, கையில் வேப்பங்குழையோடு ஊரை மூன்று சுற்றுச் சுற்றிக் கோயிலுக்குப் போவது. அம்மை இறங்கிய வீடுகளின் நேர்த்திக்கடன் அது.

பிள்ளை பிழைத்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று, இரண்டாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா முழுசாக இறங்கினாள் என்று கணக்கு. அதுவரை பிள்ளை வாசல்படி தாண்டக் கூடாது. அந்த மூன்றாம் தண்ணீர் பொங்கலன்று, செவ்வாய்க்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை தமுக்கு அடித்தார்கள். அம்பலத்தின் உத்தரவு: நாற்பது பேர் சேத்தாண்டி போடுகிறார்கள், சேறு குழைக்கத் தண்ணீர் வேண்டும், பொங்கல்வரை ஊத்தில் யாரும் சிரட்டை போடக் கூடாது, குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போகலாம்.

போகலாம்தான். அம்மை கண்ட வீட்டுக் குடத்தை எந்த ஊர்க்காரன் தன் கிணற்றில் இறக்க விடுவான்? அதை யோசிக்க அம்பலத்துக்கு நேரமில்லை. மற்ற பெண்கள் முனகிக்கொண்டே இரண்டு மைல் நடந்தார்கள். முருகேஸ்வரிக்கு அவர்கள்மேலும் ஆத்திரம் வந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குடத்தோடு ஊருணிக்குப் போனாள். ஊத்தின் மேல் ஓலைத்தட்டி. பக்கத்தில் காவலுக்குத் தலையாரி இருளாண்டி.

"தள்ளிப் போ தாயி. அம்பலம் வஞ்சாருன்னா எனக்கு வேலை போயிரும்."

"ஒரே ஒரு கொடம்ண்ணே. எம் புள்ளைக்கு மூணாந் தண்ணி."

அதற்குள் சேதுராமனே வந்துவிட்டார். மகனுக்காக அவருக்கும் நேர்த்திக்கடன் இருந்தது. கோவணம் கட்டி நாற்பது பேரும் மம்பட்டி கூடைகளோடு வந்து நின்றார்கள். கூத்தையா கடைசியில் நின்றான்.

"சாமி காரியத்துக்கு வச்ச தண்ணி முருகேஸ்வரி. மொதல்ல சாமி, பெறகுதான் மனுசரு" என்றார் சேதுராமன்.

"எம் வீட்டுக்குள்ள இருக்குறது யாரு? அதே ஆத்தாதான! கோயில்ல இருந்தா சாமி, கூலிக்காரி வீட்டுல இருந்தா வேத்தாளா? ஒங்க கெணத்துல ரெண்டாள் தண்ணி கெடக்கே அம்பலம், அதைக் கொண்டாந்து கொழைங்க."

"கெணத்துத் தண்ணி சாமி காரியத்துக்கு ஆகாது. ஊருணித் தண்ணிதான் ஆகும். ஒனக்கு என்ன தெரியும்?"

அவள் தட்டியைக் காலால் தள்ளிவிட்டுக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள்.

சேதுராமனுக்கு மீசை துடித்தது. "ஏலே கூத்தையா! ஒம் பொண்டாட்டிய நீ ஏத்துறியா, நான் ஏத்தட்டுமா?"

கூத்தையா முன்னால் வந்தான். குழியைப் பார்த்தான், அம்பலத்தைப் பார்த்தான். ஒரு மம்பட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.

"நீ கொடத்த ரொப்பிக்கிட்டு ஏறு" என்றான் பெண்டாட்டியிடம். பிறகு மேலே பார்த்துச் சொன்னான்: "சேறுதான வேணும்? ஊத்தோரம் வெட்டுனா ஈரக்களி தானா வருது. அதுக்கு எதுக்குத் தண்ணியப் பூட்டணும்?"

பத்து வருஷத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். பேசிவிட்டுக் கரையை வெட்ட ஆரம்பித்தான். வழவழவென்று கருங்களி வந்து விழுந்தது. இன்னொருவன் இறங்கினான். பிறகு இரண்டு பேர். வெயில் ஏறுவதற்குள் நாற்பது பேருக்கும் போதுமான சேறு கரையில் கிடந்தது. குழி அகன்று, தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்ததால் அம்பலமும் அந்தச் சேற்றையே பூசிக்கொண்டார்.

முருகேஸ்வரி வீட்டுக்குப் போய், தண்ணீரை வெயிலில் வைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மகள் தலையில் ஊற்றினாள். பிள்ளை சிலிர்த்துச் சிரித்தது. தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளுடைய கோபம் அத்தோடு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. கேட்காமலே தந்திருக்க வேண்டிய தண்ணீரைச் சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்ததே என்று நெஞ்சு எரிந்தது.

கொட்டுச் சத்தம் கேட்டது. சேத்தாண்டிகள் வந்தார்கள். நாற்பதும் ஒரே களிமண் நிறம், கண் மட்டும் வெள்ளை. எது அம்பலம், எது தன் புருஷன் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். சேறு பூசியவன் கோயில் சேரும்வரை வாய் திறக்கக் கூடாது, திறந்தால் நேர்த்திக்கடன் பலிக்காது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் கூடவே நடந்தாள். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை, யாரென்று பாராமல் நாற்பது பேருக்கும் பொதுவாக அவிழ்த்துவிட்டாள். பாதித் திட்டு கூத்தையாவுக்கும் சேர்ந்துதான் போயிருக்கும். ஒருவராலும் ஏனென்று கேட்க முடியவில்லை.

இரண்டாம் சுற்றில் கேட்டாள்.

"கெணத்துத் தண்ணி சாமிக்கு ஆகாதாக்கும்! தை மாசம் ஒம் மகனுக்கு மூணு தண்ணியும் எதுல ஊத்துன? கமலைத் தொட்டியில உக்காத்தி வச்சு ஊத்துனத, பழம் பறிச்சுக்கிட்டே பாத்தவடா நானு! அங்கன மட்டும் ஆத்தா இறங்குனாளா?"

நாற்பது பேரில் ஒரே ஓர் ஆளுக்குக் கால் இடறியது.

மிச்சச் சுற்று முழுக்க முருகேஸ்வரி அந்த ஆளின் காதோரமாகவே நடந்தாள்.