கேட்டவங்க ரெண்டே பேர்

அந்த ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் காதில் விழுவது அவள் குரல்தான். அதனால் டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் ‘ஹலோ அக்கா’. பிறவியிலேயே பார்வை இல்லை. ஒருமுறை பேசியவரின் குரலை மறக்க மாட்டாள். மறுமுறை அவர்கள் வாயைத் திறந்ததும் “அம்மாவுக்கு ஜுரம் விட்டுச்சா?” என்று கேட்டு அசத்திவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம், கதைப் புத்தகம். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தில் ஒரு நாவல் என்பது தலையணை தலையணையாக ஏழெட்டு பாகம். தையல்காரரான கணவர்தான் நூலகத்திலிருந்து பையில் சுமந்து வருவார். ஒருமுறை கதை சூடுபிடிக்கும் இடத்தில் அடுத்த பாகத்தை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். கொலை செய்தது யாரென்று தெரியாமல் அவள் அல்லாடிய நாட்களில் குழம்பில் உப்பு ஏறுக்கு மாறாக இருந்தது. அதற்குக் கணவரே சாட்சி.

அப்படி இருக்கையில், வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் லீவில் வந்தாள். வந்ததும் வராததுமாக, “அண்ணி, கையை நீட்டுங்க” என்றாள்.

மடியில் ஒரு சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்தது. அதன் மேல் நீளமாக ஒரு பட்டை. நாத்தனார் ஒரு பொத்தானை அமுக்கினாள். விரலுக்கடியில் புள்ளிகள் மேலெழும்பி ஒரு வரியாக நின்றன. அண்ணி அதைப் படித்தாள். இன்னொரு அமுக்கு. அவை அடங்கி அடுத்த வரி எழும்பியது.

ஹலோ அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“இதுல எத்தனை புஸ்தகம் இருக்கு?”

“ஒரு அலமாரியே அடங்கும் அண்ணி. என் சிநேகிதியோடது. லீவு முடியற வரைக்கும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

“அவ பெரிய பணக்காரியா?”

“மளிகைக் கடையில பில் போடறா. அங்க பாதி விலையை அரசாங்கமே குடுத்துடுது.”

மறுநாளே ஹலோ அக்கா அந்தக் கருவியின் உள்ளூர் ஏஜென்டைத் தேடிப் பிடித்து போன் போட்டாள். அவர் சொன்ன விலை, அங்கே கடையில் விற்பதைப் போல இரண்டு மடங்கு.

“அதே பெட்டிதானேங்க? விமானம் ஏறி இறங்கினா குட்டி போடுமா?”

ஏஜென்ட் சிரித்துவிட்டார். “குட்டிதாம்மா போடுது. ஒண்ணொண்ணா வரவழைக்கிறேன். விமானக் கூலி மொத்தமும் அந்த ஒண்ணு தலையில விழுது. சுங்கத்துல சாதாரண கம்ப்யூட்டர்னு சொல்லி முழு வரி போடறாங்க. ரிப்பேர் பார்க்க ஒருத்தரைப் பழக்கி வச்சிருக்கேன், அவர் சம்பளமும் இதுலதான் வரணும். அங்க ஆயிரக்கணக்குல விக்குது, எல்லாம் பங்கு பிரிஞ்சு போயிடுது.”

“இங்க எத்தனை பேர் கேட்டிருக்காங்க?”

“உங்களோட சேர்த்து ரெண்டே பேர். இன்னொருத்தர் ஒரு பாட்டு வாத்தியார். இந்த நாட்டுல இதுக்கு ஆளே இல்லைன்னு கம்பெனி முடிவு கட்டிடுச்சு.”

ரெண்டே பேரா? அவளுக்குத் தெரிந்தவர்களே ஒரு பஸ் நிறைய இருப்பார்களே. கடையில் இல்லாததால் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் கம்பெனி அனுப்பவில்லை. நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் வரவில்லை, உற்சாகம்தான் பொங்கியது. போன் பேசுவது அவள் தொழில் அல்லவா?

வேலை முடிந்து வந்ததும் போனைக் காதில் வைத்தால் கீழே வைப்பதில்லை. கூடப் படித்தவர்கள், வக்கீல், பேங்கில் வேலை பார்ப்பவர், ஸ்டேஷனில் பேனா விற்பவர், அவர்களுடைய கூட்டாளிகள். “சனிக்கிழமை ஏஜென்ட் கடைக்கு வந்து தொட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க” என்பதுதான் எல்லோரிடமும் சொன்னது.

பத்துப் பேர் வருவார்கள் என்று ஏஜென்ட் நினைத்திருந்தார். சனிக்கிழமை அவர் கடை மாடிப்படி முழுக்க மடக்குக் குச்சிகளின் டக் டக் சத்தம். பக்கத்து டியூஷன் சென்டரில் நாற்காலி கேட்டு ஓடினார். நாத்தனாரின் பெட்டி கை மாறிக் கை மாறிப் போனது. வக்கீல் கைக்குப் போனது மட்டும் திரும்பவில்லை.

“வக்கீல் சார், வாய்தா வாங்கினது போதும். அடுத்தவங்களுக்குக் குடுங்க” என்றாள் ஹலோ அக்கா. அறையே சிரித்தது.

ஏஜென்ட் அங்கிருந்தே கம்பெனிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார். எதிர்முனையில் இருந்தவர் இத்தனை குரல்களையும் கேட்டுவிட்டு, மொத்தமாகக் கப்பலில் அனுப்பினால் விலை எங்கே நிற்கும் என்று தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தார்.

மிச்சம் இருந்தது சுங்கம். வக்கீலும் அவளும் ஏஜென்டை அழைத்துக்கொண்டு போனார்கள். அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பார்வை இல்லாதவங்க கருவின்னா வரியே கிடையாதே. அப்படின்னு யாரும் எழுதி அனுப்பலை, நாங்க எப்படிம்மா விடறது?” ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த தடவை எப்படி எழுத வேண்டும் என்பதை அதிகாரியே சொல்லிக்கொடுத்தார்.

கப்பல் வருவதற்குள் வீட்டில் வேறொரு வியாபாரம் முளைத்தது. இரவல் பெட்டிக்குக் கணவர் தைத்துக் கொடுத்த உறையோடு நாத்தனார் வெளிநாடு திரும்பியிருந்தாள். ஒரு வாரத்தில் போன். “அண்ணே, இங்க தையல் கூலி கேட்டாலே மயக்கம் வரும். உன் உறையைப் பார்த்துட்டு என் சிநேகிதி கூட்டமே கேக்குது. ஒரு டஜன் அனுப்பு.” கணவர் மீசையைத் தடவிக்கொண்டே மிஷினில் உட்கார்ந்தார்.

கப்பல் வந்தது. விலை அங்கே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடத்தான். ரிப்பேர்காரர் சம்பளம் எங்கேயும் போகாது என்று ஏஜென்ட் மறைக்காமல் சொன்னார். ஆனாலும் பழைய விலையோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நூலகமும் நாலைந்து வாங்கி இரவலுக்கு வைத்தது.

தன் பெட்டியை வாங்கிக்கொண்டு ஹலோ அக்கா கணவரோடு பஸ் ஏறினாள். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை. சீட்டிலேயே திறந்து படிக்க ஆரம்பித்தாள். “என்ன ஆச்சு, என்ன ஆச்சு?” என்று கணவர் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தாள். கண்டக்டர் வந்து தட்டியபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் காலியாக நின்றது.

“திரும்பிப் போற பஸ் எப்போ?” என்று கணவர் கேட்டார்.

“அரை மணி ஆகும் சார்.”

“அப்பாடா” என்றாள் அவள், பொத்தானை அமுக்கிக்கொண்டே.