கேள்வி கேட்காத கட்டளைகள்

பர்கத்துல்லாவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. 1993-இல், ரங்கூனின் லத்தா பகுதியில் ஹஸ்ஸான் பாயின் தட்டச்சுக் கடைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள அவனை வைத்தார்கள். ஆங்கிலத்தில் கட்டுரை அடிக்க அதில் இருந்த மென்பொருளைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வரியை அழிக்கச் சொன்னால், நிச்சயமாக அழிக்கவா என்று கேட்கும். சேமிக்கச் சொன்னால், பழையதன் மேலேயே எழுதவா என்று கேட்கும். பதில் சொல்லி முடிப்பதற்குள் மின்சாரம் போய்விடும்.

"சொன்னதச் செய்யாம என்னடா கேள்வி ஒனக்கு? நீ என்ன எனக்கு மாமனாரா?" என்று திரையைப் பார்த்துக் கத்துவான்.

ஆறு மாதம் மல்லுக்கட்டி, தானே ஒன்றை எழுதினான். ஒரு வேலைக்கு ஒரே எழுத்து. டி தட்டினால் ஒரு பத்தி காலி. எஸ் தட்டினால் சேமிப்பு. எஃப் தட்டினால் அடுத்த பக்கம். மறுகேள்வி கிடையாது. கட்டுரை அடிக்க வேண்டுமென்றால் மட்டும், கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் மேல்வரிசைப் பொத்தான் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தாதவரை எந்த எழுத்தைத் தட்டினாலும் அது கட்டளைதான். இதைவிடச் சுருக்கமாக உலகத்தில் எவனாலும் செய்ய முடியாது என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

அடிக்க வேண்டியவள் நீலாம்பாள். ஐம்பத்திரண்டு வயது. துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் டைப் அடித்துவிட்டு இங்கே வந்தவள். அலோன் பேட்டையில் அவள் வீட்டு உலை கொதிப்பது இந்தச் சம்பளத்தில்தான். அவளுடைய கண் கையெழுத்துத் தாளைவிட்டு நகராது. விரல் பாட்டுக்கு ஓடும். திரையைப் பார்க்கவே மாட்டாள்.

"அக்கா, பொத்தான அழுத்துனீங்களா? எத்தன தடவ சொல்றது? தலையில களிமண்ணா இருக்கு?" என்று மூன்று வாரமாக அவளை வறுத்தெடுத்தான். அவள், "அழுத்துறேன் தம்பி" என்பாள், அவ்வளவுதான்.

அப்போது ருக்சானா என்ற டாக்டரம்மாவின் ஆய்வுக் கட்டுரை வந்திருந்தது. நூறு பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். புதன்கிழமை எண்பது பக்கம் முடிந்த நேரத்தில் மின்சாரம் போனது. ஒரு மணி நேரம் கழித்துத் தெருவே "மீ லாபி!" என்று கூவியது. மின்சாரம் வந்துவிட்டது என்பதற்கு ரங்கூன் முழுக்க அதுதான் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் இங்கே யாரும் நடக்க மாட்டார்கள். ஓடுவார்கள், எந்த நேரமும் மறுபடி போய்விடுமே! நீலாம்பாளும் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கோப்பைத் திறந்தாள், தாளைப் பார்த்தாள், விட்ட இடத்திலிருந்து மடமடவென்று அடித்தாள். பொத்தானை அழுத்தவில்லை.

அவள் அடித்த ஒவ்வொரு டியும் ஒரு பத்தியைத் தின்றது. ஒவ்வொரு எஃபும் அடுத்த பக்கத்துக்குத் தாவியது. ஒவ்வொரு எஸ்ஸும் அந்தச் சேதத்தைப் பழைய கட்டுரையின் மேலேயே பத்திரமாகச் சேமித்து வைத்தது. இரண்டு பக்கம் அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, முழுசாக மிஞ்சிய பக்கம் ஒன்றிரண்டுதான்.

ஹஸ்ஸான் பாய் ஒரே வார்த்தையில் முடித்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் அடிச்சுக் குடுங்க. திங்கக்கெழமையிலேருந்து அந்தம்மா வர வேணாம்."

பர்கத்துல்லாவுக்கும் அதே ஆத்திரம்தான்.

மறுநாள் நீலாம்பாள் கடையின் பழைய டைப்ரைட்டரில் முதல் பாதியை அடித்தாள். மறு பாதியைக் கம்ப்யூட்டரில் அடிக்க அவனே உட்கார்ந்தான். டாக்டரம்மாவின் கையெழுத்தோ கோழி கிளறின குப்பை. தாளைவிட்டுக் கண்ணை எடுத்தால் வரி தப்பிவிடும். மத்தியானம் மின்சாரம் போய் வந்தது. "மீ லாபி!" ஓடினான், உட்கார்ந்தான், பன்னிரண்டு வரி அடித்தான். நிமிர்ந்து பார்த்தால், காலையிலிருந்து அடித்ததில் பாதியைக் காணோம்.

"அட அல்லாவே!"

இந்தப் புரோகிராமை எழுதியவன் அவன். பொத்தான் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன் அவன். தாளைப் பார்த்து அடிப்பவர்கள் யாராக இருந்தாலும் இதில் விழத்தான் செய்வார்கள் என்று அந்த நாற்காலியில்தான் அவனுக்கு உறைத்தது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நேராக ஹஸ்ஸான் பாயிடம் போனான். "பாய், தப்பு அக்கா மேல இல்ல. நான் செஞ்சது கோளாறு. இப்ப நானே அழிச்சுட்டு வந்து நிக்கிறேன். அவங்கள அனுப்பாதீங்க."

"அப்ப ஒன் புரோகிராமத் தூக்கிடவா?"

"தூக்கிடுங்க."

பழைய மென்பொருளை அவனே ஏற்றினான். மிச்சத்தை இரண்டு பேருமாக அடித்து, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டாக்டரம்மா கையில் கொடுத்தார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி நீலாம்பாளிடம் அவன்தான் சொன்னான். நடந்ததையும் சொன்னான்.

அவள் கைப்பையை மூடிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ அடிச்சப்பவும் போச்சுல்ல தம்பி. அப்ப ஒன் தலையில களிமண்ணான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

அவள் படியிறங்கிப் போகும்வரை பர்கத்துல்லா வாசலிலேயே நின்றான்.