அது ரேசிசம், இது மெயின்டனன்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் என் கண் முன்னால் அழுதார்கள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஓசூரில் ஹைவேயை ஒட்டி ஒரு பெரிய அபார்ட்மென்ட். அதன் சி பிளாக்கில் ஒரு வாசிப்பு வட்டம். மாதம் ஒரு நாவல் படிப்பார்கள், பேசுவார்கள், கேக் சாப்பிடுவார்கள். இந்த மாத நாவல் நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியில் சிபாரிசு செய்தது. மொழிபெயர்ப்பு. வெள்ளையருக்கு இது, கறுப்பருக்கு அது என்று ஊரையே கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்த ஒரு தேசத்தில், தையல் கூடத்தில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்களின் கதை. வெள்ளைக்காரப் பெண்களின் கல்யாண கவுனைத் தைப்பது அவர்கள்தான். ஆனால் கடையின் முன்வாசலில் கால் வைக்கக் கூடாது. குப்பை போகிற பின்வாசல்தான் அவர்களுக்கும். கடைசி அத்தியாயத்தில் ஒருத்தி, தான் தைத்த கவுனைத் தானே மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில் முன்வாசல் வழியாக நடந்து போவாள்.

படிக்கச் சொன்னவரே வந்து பேசட்டும் என்று வட்டத்தின் செக்ரட்டரி மேடம் போன் செய்தார். எங்கள் குடும்பத்தில் புத்தகத்தைத் தொட்ட முதல் ஆள் நான். என்னை ‘சார்’ என்று கூப்பிட்டு, பேசவும் சொன்னால் விடுவேனா? கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தி வந்தார். அம்மாவின் தங்கை. பெயர் மாதம்மா. நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர். ஆறு வருஷமாக ஓசூரில், அதே அபார்ட்மென்டில், அதே சி பிளாக்கில் வீட்டு வேலை.

“ஏன்டா, நாளைக்கு எங்க பிளாக்குல நீ பேச வர்றியாமே?”

“யார் சொன்னது சித்தி?”

“கேட்டுல நிக்கிற செக்யூரிட்டிதான். என்னை உள்ள விட மாட்டான். சேதி மட்டும் எல்லாத்தையும் சொல்லிடுவான்.”

உள்ளே விடமாட்டானா? விசாரித்தேன். வேலை செய்கிறவர்களுக்கு அங்கே தனியாக சர்வீஸ் லிஃப்ட். அது பத்து நாளாக ரிப்பேர். பத்து நாளும் சித்தி ஏழு மாடி ஏறி இறங்கியிருக்கிறார். பதினோராவது நாள் முட்டி முரண்டு பிடித்தது. குடியிருப்பவர்களுக்கான லிஃப்டில் ஏறிவிட்டார். அவ்வளவுதான்... கேமராவில் பார்த்து, செல்போன் ஆப்பில் அவருடைய கேட் பாஸை பிளாக் செய்துவிட்டார்கள். நான்கு நாளாக வேலை இல்லை. இன்னும் இரண்டு நாள் போனால் வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள்.

“அந்த லிஃப்டுல நாய் போவுதுடா. அது கடிக்கும். நான் கடிக்கவா போறேன்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ ஒரு வார்த்தை சொல்லேன். புக்கு படிக்கிறவங்க, நீ சொன்னா கேப்பாங்க.”

“சொல்றேன் சித்தி.”

“கத்திக்கினு சொல்லாத. நைஸா சொல்லு.”

மறுநாள் போனேன். செக்ரட்டரி மேடமே கீழே வந்து அழைத்துப் போனார். கண்ணாடி பதித்த லிஃப்ட். உள்ளே அறிவிப்பு: ‘குடியிருப்போர், விருந்தினர் மட்டும்.’ நான் விருந்தினர். கண்ணாடியில் என்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். சட்டை நன்றாகத்தான் இருந்தது.

ஏழாவது மாடி. செக்ரட்டரி மேடம் வீட்டு ஹால். முக்கால் மணி நேரம் பேசினேன். பின்வாசல் பற்றிச் சொல்லும்போது ஒரு பெண்மணி விசும்பினார். அப்புறம் வரிசையாக எல்லோரும். “மனுஷங்களை இப்படியும் நடத்துவாங்களா?” என்று டிஷ்யூவால் கண்ணை ஒற்றினார் மேடம். ரிடையர் ஆன மேனேஜர் ஒருவர் பெருமூச்சு விட்டார். “நல்லவேளை சார், நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாது.” பக்கத்திலிருந்தவர் “ஹவுது, ஹவுது” என்று கன்னடத்தில் ஆமோதித்தார்.

இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? தொண்டையைச் செருமினேன்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா... இங்கதான் வேலை பார்க்கிறாங்க. லிஃப்டுல ஏறினதுக்கு கேட் பாஸை பிளாக் பண்ணிட்டாங்களாம்...”

இந்த முறை யாரும் அழவில்லை.

மேனேஜர்தான் முதலில் தெளிந்தார். “சார், ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. அது ரேசிசம். இது மெயின்டனன்ஸ்.”

“ஹைஜீன் இருக்கு, செக்யூரிட்டி இருக்கு” என்றார் விசும்பலைத் தொடங்கி வைத்த பெண்மணி.

“பேப்பர் கப்ல காபி குடுக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்று பேச்சை மாற்றினார் மேடம். “எங்க மாதம்மா அஞ்சு நாளா வரலை. சிங்க் நிறைய பாத்திரம்.” சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். “ஆமா, நீங்க சொல்ற அம்மா... அவங்களா? உங்களுக்குச் சொந்தமா சார்?”

பதினோரு முகமும் என் பக்கம் திரும்பின.

நாவலின் நாயகி கவுனோடு முன்வாசலைத் தாண்டிய பக்கத்தை நான் நாலு தடவை படித்தவன். அடிக்கோடெல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“இல்லைங்க மேடம்... தெரிஞ்சவங்க.”

“அதானே!” என்றார் மேடம். கேக் வந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். சால்வை போர்த்தினார்கள். அதே லிஃப்டில் கீழே இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சித்தியின் பாஸைத் திறந்துவிட்டார்கள். நாவலின் தாக்கம் என்று நினைத்தீர்களா? நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். மேடம் வீட்டுக்கு பெங்களூரிலிருந்து எட்டு பேர் விருந்துக்கு வருகிறார்களாம். சிங்க்கில் ஏற்கெனவே ஆறு நாள் பாத்திரம். மேடமே அசோசியேஷனில் சண்டை போட்டுத் திறக்க வைத்திருக்கிறார். இலக்கியத்தின் சக்தியைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசியது வேஸ்ட். பேசாமல் எச்சில் தட்டையே நம்பியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். படியிலேயே உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். சர்வீஸ் லிஃப்ட் இன்னும் ரிப்பேர்தான்.

“மேடம் என்னை விசாரிச்சாங்கடா. ‘அன்னிக்கு உனக்காக ஒருத்தர் பேசினாரே, சொந்தம் இல்லைன்னாரு, யாரு மாதம்மா அவரு?’ன்னு.”

“நீ என்ன சொன்ன சித்தி?”

“தெரியலைங்க மேடம்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“நீதான் சொந்தம் இல்லைன்னு சொல்லியிருக்கியே. நான் போயி மாத்திச் சொன்னா உனக்குத்தான அசிங்கம்? சால்வையெல்லாம் போட்டிருக்காங்க...” தைல பாட்டிலை மூடினார். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

சி பிளாக் வாசகர்களே, இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பதாகச் சொன்னீர்கள். ஆகவே ஒரு திருத்தம்: ‘எனக்குத் தெரிந்த ஒரு அம்மா’ என்று நான் சொன்னது பொய், மாதம்மா என் சித்தி.