மூன்றாவது கிழிசல்

வனஜாவின் தையலை நீலசந்திராவில் யாரும் குறை சொன்னதில்லை. ஆட்டோவின் மேல்கூரை, தள்ளுவண்டிக்குத் தார்ப்பாய், பள்ளிக்கூட வேனுக்குத் திரை, எதுவானாலும் சரி, அவள் மிஷினில் ஒருமுறை ஓடிவிட்டால் துணி நைந்துபோகுமே தவிர தையல் பிரியாது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அல்சூர் ஏரியில் பாய்ப்படகு விடுகிற சுதீர் 2003-இல் அவளைத் தேடி வந்தான். ஒரு படகுக்குப் பாய் தைத்துப் பார்க்கச் சொன்னான். நன்றாக வந்தால் மீதி ஐந்து படகும் அவளுக்குத்தான்.

பதினைந்தாம் நாள் முன்பாய் திரும்பி வந்தது. கீழ்மூலையில் விரல் நீளத்துக்குக் கிழிசல்.

“படகு திரும்பும்போதெல்லாம் ஜிப் மாட்டிக்குது வனஜா.”

“ஜிப்பா? நான் ஜிப்பே வைக்கலையே சார்.”

சுதீர் சிரித்தான். “முன்னால இருக்கிற சின்னப் பாய்க்கு அந்தப் பேரு.”

பாயைத் தூக்கிவந்த, கரையில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

தைத்துக் கொடுத்தாள். மறுபடி அதே மூலை கிழிந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். தையல் அப்படியே இருந்தது, பக்கத்துத் துணிதான் போயிருந்தது. காற்று இடம் பார்த்தா கிழிக்கும்? கோவிந்தப்பாவின் இடுப்பில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி உண்டு. அவருடைய மச்சான் ஒக்கலிபுரத்தில் ஷாமியானா தைக்கிறவன். வனஜாவுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“மூணாவது தடவையும் கிழிஞ்சா வெளியூருக்கு அனுப்பிடுவோம். எனக்கு வேற வழியில்ல,” என்றான் சுதீர்.

ஞாயிறு காலை பாயைத் தானே பஸ்ஸில் கொண்டுபோனாள். கோவிந்தப்பா கை நீட்டினார், கொடுக்கவில்லை. சுதீர் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே மாட்டினாள்.

“சும்னே என்னை ஏன் முறைக்கிறயம்மா?” என்றார் கோவிந்தப்பா, கன்னடம் கலந்த தமிழில்.

“உங்களை முறைக்கலை. பாயைப் பாக்கிறேன்.”

“பாய் என் இடுப்புலயா இருக்கு?”

தானும் படகில் வருவேன் என்றாள். வழக்கமாகக் கரையிலேயே நிற்கும் கோவிந்தப்பாவையும் ஏறச் சொன்னாள். கண்ணெதிரே இருக்கட்டும் என்றுதான்.

இரண்டு மெல்லிய ஓடங்கள், நடுவில் கட்டில் போல இழுத்துக் கட்டிய துணி; அவ்வளவுதான் அந்தப் படகு. நேராகப் போகிறவரை ஒன்றும் ஆகவில்லை. சுதீர் காற்றை எதிர்த்துத் திருப்பினான். முன்பாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். பாய்மரத்தை உரசியபடி வந்து பாதியில் நின்றுவிட்டது. சுதீர் கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். படகு காற்றுக்கு மூக்கைக் காட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

“இழுக்காதீங்க சார். கயிறை விடுங்க.”

தவழ்ந்து முன்னால் போனாள். கோவிந்தப்பா இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாய்மரத்தின் முன்பக்கம், கயிறு சுற்றிக் கட்டுகிற உலோகக் கொம்பின் நுனியில், கிழிந்த அதே மூலையில் கயிறு மாட்டுகிற வளையம் சிக்கியிருந்தது.

அந்தக் கொம்பு அவளுக்குத் தெரிந்ததுதான். முதல்முறை புதுப் பாயை அவளே ஏரிக்குக் கொண்டுவந்த அன்று அதன்மேல் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டுமே என்று கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டது அவள்தான்.

கோவிந்தப்பா எட்டிப் பார்த்தார். “இங்க நான் ஒரு டியூப் சுத்தியிருந்தேனே. இந்த ஏரியில எதை வெச்சாலும் ஆட்டையப் போட்டுடறாங்க.”

பேசாமல் இருந்துவிடலாம். அவள் வெட்டியதை யாரும் பார்க்கவில்லை. பாயை யார் கெடுத்தது என்று இரண்டு வாரம் தேடியவளுக்கு அது மட்டும் முடியவில்லை.

“எடுத்தது நான்தான். கறை படும்னு வெட்டிட்டேன்.”

அவர் அவளையும் கொம்பையும் மாறி மாறிப் பார்த்தார். “என் கத்தி மேலயா சந்தேகப்பட்டே?”

“ஆமா.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். அவள் வளையத்தை விடுவித்து, கொம்பின்மேல் துண்டை இறுக்கிச் சுற்றினாள். சுதீர் மறுபடி திருப்பினான். பாய் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போனது. ஆறு முறை திருப்பினான். ஆறு முறையும் போனது.

“மீதி அஞ்சையும் இன்னிக்கே அளவெடுக்கிறீங்களா?” என்றான் கரையில்.

வனஜா பையோடு ஒவ்வொரு படகாகப் போனாள். பின்னாலேயே கோவிந்தப்பா நடந்தார். அவர் கண் அவள் பையிலிருந்த கத்தரியைவிட்டு நகரவில்லை.