ஜன்னலில் கட்டிய ஈர வேட்டி

என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் "நூல் நூற்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். உடனே சேலை விலை விசாரிப்பார்கள். ஊசி முனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் பிளாஸ்டிக் கரைசல் தலைமுடியைவிட மெல்லிய இழையாக இழுபட்டு, எதிரே இருக்கும் அலுமினியத் தாளில் படியும் என்று விளக்க ஆரம்பித்தால் பாதியில் பஸ் வந்துவிடும். விளக்கும் ஆசையே எனக்கு விட்டுப்போயிற்று.

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு கல்லூரி. அதன் கடைசிக் கட்டடத்தில் மாடிக் கோடி அறை. எனக்கு முன்பு அங்கே ஆராய்ச்சி செய்த சீனியர் அக்கா பட்டம் வாங்கிப் போனபின் நான் மட்டும்தான். காலையில் பூட்டைத் திறந்தால் மாலைவரை வாயைத் திறக்க வேலையில்லை. உசிலம்பட்டியிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டால் என் குரல் கரகரவென்று வரும்.

"என்னத்தா, சளி பிடிச்சிருக்கா?"

"இல்லம்மா."

பேசாமல் கிடந்த தொண்டை அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிடும்.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் இழையின் மேற்பரப்பு எப்படி மாறும் என்பதுதான் என் கேள்வி. குறைந்த அழுத்தங்களை மாசியில் முடித்தேன். இழைகள் வழுவழுவென்று இருந்தன. பங்குனி, சித்திரையில் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, மேற்பரப்பெல்லாம் பொடிப் பொடிக் குழிகள். அதன்மேல் விட்ட தண்ணீர், சேம்பு இலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது. நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்த என் பேராசிரியர், "பிரமாதம்மா, இதை வச்சே ஒரு பேப்பர் போட்டுரலாம்" என்றார். ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமும் அதுவே ஆனது.

ஐப்பசியில், பழைய படம் ஒன்று தெளிவில்லை என்று குறைந்த அழுத்தத்தில் மறுபடி இழை எடுத்தேன். வெளியே இரண்டு நாளாக மழை. வழுவழுப்பாக வரவேண்டிய இழையில் குழிகள். ஊசியை மாற்றினேன், கரைசலைப் புதிதாகக் கலக்கினேன். அப்போதும் குழிகள்தான்.

நோட்டைப் புரட்டினேன். மின்னழுத்தம், தூரம், கரைசலின் வேகம் எல்லாம் இருந்தது. காற்றின் ஈரப்பதம் மட்டும் இல்லை. மதுரைக் காற்றில் ஈரம் ஏது என்ற திமிர். ஆனால் கோடையில் ஏசி பழுதாகிக் கிடந்தது, எழுதிப்போட்ட கடிதங்களுக்குப் பதிலே இல்லை. எங்கள் வீட்டில் வெயிலுக்குச் செய்வதை நானும் செய்தேன். அப்பாவின் பழைய வேட்டியை நனைத்து ஜன்னலில் கட்டினேன், காயக் காய மறுபடி நனைத்தேன். அழுத்தத்தைக் கூட்டிய அதே மாதங்களில் அறைக் காற்றையும் நானே ஈரமாக்கியிருக்கிறேன். கரைப்பான் ஆவியாகும்போது இழை குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நுண்துளிகளாகப் படியும். துளி காய்ந்த இடம் குழி. மின்னழுத்தத்துக்கு இதில் பெரிய பங்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பேப்பர் அந்த வாரமே போக வேண்டியது. உண்மையைச் சொன்னால் கோடை வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும், கெடுவுக்குள் ஆய்வேடு முடியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வேட்டியை என்னைத் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு நன்றாகப் பழகிய வேலைதான். ஆனாலும் மூன்றாம் நாள் பேராசிரியரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். "பேப்பரை நிறுத்திருவோம். பூராத்தையும் திரும்பப் பண்ணணும்மா" என்றார். நான் தலையாட்டினேன். முழங்கால் வலியால் அவர் மாடி ஏறுவதில்லை. மாதம் ஒருமுறை நான்தான் கீழே இறங்கிப் போய்ப் பார்ப்பேன்.

"இம்புட்டு நாளா ஈரத்துணி தொங்கியிருக்கு. என்னது இதுன்னு ஒருத்தர்கூடவா கேக்கல?"

"கேக்க யாரு சார் இருக்கா?"

"கோடை பூராவும் ஒத்தையிலயா இருந்த?"

"மூணு வருசமா சார்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அத்தனை நாள் வேலை போனதற்கு வராத அழுகை அப்போது வந்தது.