உதை தாங்கும் வேலை

பீரங்கி குண்டை முன்னால் தள்ளும்போது தானும் பின்னால் பாயப் பார்க்கும். அந்த உதையை ஓர் எண்ணெய் சிலிண்டருக்குள் அடக்கி, பீரங்கிக் குழாயை மறுபடி பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் எங்கள் தொழில். தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த சிலிண்டருக்கு, எண்ணெய் கசியாமல் இருக்க, ஆயில் சீல் மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஷெட்டில் வெடி கிடையாது. ஒரு மெஷின் குழாயை இழுத்து விடும், அவ்வளவுதான். நிஜமாகச் சுடுவது வடக்கே மணல்காட்டில். அதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. வேலையைத் தான் செய்துவிட்டு, அது எப்படி நடந்தது என்பதை அடுத்தவன் வாயால் கேட்டே காலம் தள்ளியவர்களுக்கு இது புரியும்.

கேஸ் கனெக்ஷன்

வெளியே எதுவும் சொல்லக்கூடாது என்பது உத்தரவு. ஸ்ரீராம்புரத்தில் என் சந்தில் யாராவது கேட்டால் "சிலிண்டர் வேலை" என்பேன். கேஸ் கனெக்ஷனுக்கு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எதிர்வீட்டு சரோஜாக்கா, மகள் கல்யாணத்துக்கு ஒரே ஒரு சிலிண்டர் வேண்டும் என்று டிபன் கேரியரில் பிரியாணியோடு வந்தாள். "அது வேற சிலிண்டர்க்கா" என்றேன். எந்த சிலிண்டர் என்று கேட்டாள். உத்தரவை நினைத்து, கேரியரை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகை என் வீட்டைத் தாண்டிப் போயிற்று. என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பாள். சந்தே கேட்கும்படி சரோஜாக்கா சொன்னது: "உன் சிலிண்டரை நீயே கட்டிப் புடிச்சிக்கினு படு!"

நஞ்சப்பாவின் வயிறு

ஒவ்வொரு சோதனைக்கும் எங்கள் செக்ஷனில் ஒருவருக்குத்தான் இடம். என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவன் என்று நஞ்சப்பாவை அனுப்புவார்கள். அங்கே இந்தி பேச வேண்டுமாம். அவன் இந்தி எனக்குத் தெரியும். டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

திரும்பி வந்தால் கேன்டீனில் பல நாள் அவன் கச்சேரிதான். நான் தள்ளிப்போய் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒருமுறை என் மேஜைக்கே வந்து, என் தட்டிலிருந்தே ஒரு வடையை எடுத்துக் கடித்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவன் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை. பெங்களூர் வழக்கப்படி ஒரு 'குரு' போட்டு அவன் சொன்னது இவ்வளவுதான்: "சத்தம் காதுல கேக்காது குரு, வயித்துல கேக்கும். உனக்கு எங்க தெரியப் போவுது!"

டரட்டின் எடை

பிறகு டரட்டின் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். டரட் என்பது பீரங்கியைச் சுமந்துகொண்டு வண்டியின் மேல் சுழலும் கூண்டு. அது லேசாகிவிட்டால் சுடும்போது வண்டியே குதிக்கும். ஆகவே உதை முழுவதும் எங்கள் சிலிண்டர் தலையில். நாங்கள் இரும்பை எடுத்துவிட்டு அலுமினியம் வைப்போம். அடுத்த செக்ஷன்காரர்கள் அதே இடத்தில் புதிதாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். காலையில் இளைத்தது சாயங்காலம் பெருத்திருக்கும்.

டிசைன் பார்த்த மேடம் ஒருநாள் அலுத்துப்போய் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒற்றை ஆளுக்கு என்ன சமையல் என்று நான் பேக்கரி பன்னில் ஓட்டிக்கொண்டிருந்த சமயம். சட்டை தொளதொளவென்று தொங்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாரியப்பன், டரட் உங்களை மாதிரி இருக்கணும். உடம்புல ஒண்ணும் கிடையாது, யார் எவ்வளவு உதைச்சாலும் இடத்தை விட்டு நகர மாட்டேங்கிறீங்க."

மணல்காட்டில்

நான் ரிடயர் ஆகும் வருஷம் நஞ்சப்பாவுக்கு மஞ்சள் காமாலை. வேறு ஆள் இல்லாததால் என்னை அனுப்பினார்கள். வெட்டவெளியில் பீரங்கி நின்றது. நாங்கள் தூரத்தில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால். ஆபீசர்கள் எல்லோர் கையிலும் பைனாகுலர்.

சுட்டார்கள். நஞ்சப்பா சொன்னது நிஜம், வயிற்றில்தான் கேட்டது. அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது. குழாய் பின்னால் பாய்ந்தது, தலையணையில் சாய்வதுபோல அடங்கியது, வழுக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியது. வண்டி லேசாகத் தலையசைத்ததோடு சரி. "பாத்தீங்களா சார்!" என்று பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் தூரத்துப் புகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் உருவிக்கொண்டார். அந்தப் பக்கம் நின்ற வேலூர்க்கார ஹவில்தார் சிரித்தான்: "யோவ் பெருசு, குண்டு அங்க போச்சு, நீ எங்க பாக்குற?"

எங்கள் வேலை சரியாக நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கணக்குப்படி, என் அளவுக்குச் சரியாக வேலை பார்த்தவன் பெங்களூரிலேயே கிடையாது.